அழுகண்ணிச் செடியின் பூவும் விதையும்

பூச்சிகளைப் பிடித்து உணவாக்கிக்கொள்ளும் செடிகளுள் மாணவர்க்கு எளிதில் காட்டத்தக்கது டுரோசெரா என்னும் பேரினமாகும். இதன் இலைகளில் மெல்லிய மயிர்கள் நெருங்கி நிற்கும். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பிசுபிசுப்பான துளி ஒன்று வெயிலிலும் உலராமல் மின்னிக்கொண்டிருக்கும். இலை கண்ணீர் உகுப்பது போன்ற இத்தோற்றத்திற்கேற்ப, அழுகண்ணி என்னும் பெயர் தமிழ் மருத்துவ வழக்கில் இதற்கு உண்டு. வேறு செடியை இப்பெயரால் குறிப்பவரும் உளர். ஆகையால் பெயரை மட்டும் நம்பாமல், செடியை நேரிற் கண்டு தெளிதல் வேண்டும்.

இச்செடி பூச்சியைப் பிடிக்கும் விதத்தைப் பாடநூல்கள் விளக்குகின்றன. அது பூக்கும் விதத்தையும் விதை தரும் விதத்தையும் அவை பெரும்பாலும் கூறுவதில்லை. ஆயினும் நம் புல்வெளிகளில் வாழும் அழுகண்ணிகளுக்கு விதையே உயிர்நிலை. மழையில் முளைத்து, மழை ஓய்ந்த சில மாதங்களில் மடியும் செடிக்கு, அடுத்த ஆண்டு என்பது மண்ணில் உதிர்ந்த விதையே அன்றி வேறில்லை. இதனை அறியாமல் பூத்து நிற்கும் செடியைப் பறிப்பவர், மறு ஆண்டின் செடிகளையும் சேர்த்தே பறித்தவராவர். ஆசிரியரும் களப்பணியாளரும் இச்செடியின் பூப்பையும் விதையையும் பேணும் முறையை இக்கட்டுரை கூறுகிறது.

நம் நாட்டு வகைகள்

இந்தியாவில் நெடுங்காலமாக மூன்று வகைகள் குறிக்கப்பட்டு வந்துள்ளன.

முதலாவது டுரோசெரா பர்மானி. இதன் இலைகள் ஆப்பு வடிவின. தரையோடு ஒட்டி, சிறு நாணயம் போன்ற வட்டமாக அமையும். நல்ல வெயிலில் செந்நிறம் கொள்ளும். இலையின் ஓரத்திலுள்ள நீண்ட மயிர்கள் பூச்சி பட்ட சில நொடிகளில் உள்நோக்கி மடிவதைக் கண்ணாலேயே காணலாம். நடுவிலிருந்து நிமிர்ந்தெழும் பூந்தண்டில் வெண்ணிறப் பூக்கள் மலரும்.

இரண்டாவது டுரோசெரா இண்டிகா. லின்னேயஸ் 1753-இல் இதற்குப் பெயரிட்டார். இதற்கு வட்ட இலையடுக்கு இல்லை. மெல்லிய தண்டு நிமிர்ந்தோ சாய்ந்தோ வளரும். அதில் நூல் போன்ற நீண்ட இலைகள் மாறி மாறி அமையும். பூக்கள் இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ இருக்கும். இப்பெயரால் வழங்கியவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன என்று அண்மைக்கால ஆய்வாளர் பிரித்துக் காட்டியுள்ளனர்.

மூன்றாவது டுரோசெரா பெல்டேட்டா என வழங்கி வந்தது. இந்தியச் செடிகளை டுரோசெரா லுனேட்டா என்று பிரித்துக் கூறுவோரும் உளர். பிறைவடிவ இலைகளை உடைய இது நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலைப்புல்வெளிகளில் காணப்படுவது. முன்னைய இரண்டிற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இதற்கு மண்ணுக்குள் சிறு கிழங்கு இருக்கிறது. வறண்ட காலத்தில் தரைமேல் உள்ள பகுதி மடிந்தாலும் கிழங்கு உயிருடன் இருந்து அடுத்த மழையில் தளிர்க்கும். பர்மானிக்கும் இண்டிகாவுக்கும் அத்தகைய சேமிப்பு இல்லை.

பெங்களூருக்கு வடமேற்கே உள்ள ஹெசரகட்டாப் புல்வெளியில் முதல் இரண்டு வகைகளும் காணப்படுகின்றன. அர்க்காவதி ஆற்றைத் தடுத்து 1894-இல் நகரின் குடிநீருக்காக அமைக்கப்பெற்ற ஏரியை அடுத்துள்ளது இப்புல்வெளி. சத்துக் குறைந்த சரளை மண்ணும், மழைக்காலத்தில் நீர் கசியும் சரிவுகளும், நிழலற்ற வெளியும் அழுகண்ணிக்கு ஏற்றவை. நைட்ரஜன் குறைந்த இத்தகைய மண்ணில் மற்றச் செடிகள் செழிப்பதில்லை. அக்குறையைப் பூச்சியால் ஈடு செய்துகொள்வதாலேயே அழுகண்ணி அங்கு நிலைக்கிறது.

பூச்சி உணவின் பயன் எங்கே தெரிகிறது?

சார்லஸ் டார்வின் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய தம் நூலை 1875-இல் வெளியிட்டார். டுரோசெராவின் இலை இறைச்சியையும் முட்டையின் வெண்கருவையும் செரிக்கிறது என்பதை அந்நூல் நிறுவியது. ஆனால் அவ்வுணவால் செடிக்கு உண்மையில் நன்மை உண்டா என்னும் ஐயம் அறிஞர் சிலரிடம் நீடித்தது. உணவூட்டிய செடிக்கும் ஊட்டாத செடிக்கும் இலையளவில் பெரிய வேறுபாட்டை அவர்கள் காணவில்லை.

டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின் 1877-இல் இவ்வையத்தைத் தீர்க்க முற்பட்டார். ஐரோப்பிய வகையான டுரோசெரா ரொட்டுண்டிபோலியாவின் ஏறத்தாழ 200 செடிகளைத் தட்டுக்களில் வளர்த்தார். ஒவ்வொரு தட்டையும் நடுவே பலகையிட்டு இரு பகுதியாக்கினார். வெளிப்பூச்சிகள் வராதபடி மெல்லிய வலைத்துணியால் மூடினார். ஒரு பகுதிச் செடிகளுக்கு மட்டும் வாட்டிய இறைச்சியின் மிகச் சிறு துணுக்குகளை இலைகளில் இட்டுவந்தார். மற்றப் பகுதிக்கு ஒன்றும் இடவில்லை. பருவம் முடிந்ததும் பூந்தண்டு, காய், விதை ஆகியவற்றை எண்ணியும் நிறுத்தும் பார்த்தார்.

ஊட்டாத செடிகளின் அளவை 100 எனக் கொண்டால், ஊட்டிய செடிகளின் அளவுகள் பின்வருமாறு அமைந்தன: பூந்தண்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 165; காய்களின் எண்ணிக்கை 194; விதைகளின் மொத்த எண்ணிக்கை 241; விதைகளின் மொத்த எடை 380. இம்முடிவுகள் 1878-இல் வெளியாயின.

இவ்வெண்களின் வரிசையைக் கூர்ந்து நோக்குக. தண்டிலிருந்து காய்க்கும், காயிலிருந்து விதைக்கும் செல்லச் செல்ல வேறுபாடு பெருகுகிறது. விதைகள் எண்ணிக்கையில் கூடியதோடு, ஒவ்வொரு விதையும் கனத்தும் இருந்தது. பூச்சி உணவின் பயன் இலையைவிட விதையிலேயே மிகுதியாகத் தெரிகிறது என்பதே இச்சோதனையின் பாடம். முன்னையோர் தேடாத இடத்தில் பிரான்சிஸ் டார்வின் தேடினார், விடை கிடைத்தது.

பூவின் அமைப்பு

அழுகண்ணியின் இளம் பூந்தண்டு தேளின் கொடுக்கைப் போல் நுனி சுருண்டிருக்கும். தண்டு நிமிர நிமிரச் சுருள் பிரிந்து, அடியிலுள்ள மொட்டு முதலிலும் மேலுள்ளவை பின்னரும் மலரும். ஒரு தண்டில் பெரும்பாலும் நாளுக்கு ஒரு பூவே விரியும். வெயில் ஏறிய காலைப் பொழுதில் விரிந்து, சில மணி நேரத்தில் குவிந்துவிடும். மேகம் மூடிய நாளில் விரியாமலே இருப்பதும் உண்டு.

பூவில் புல்லிகள் 5, அல்லிகள் 5, மகரந்தத் தாள்கள் 5 உள்ளன. சூலகம் ஒரே அறை உடையது. சூல்கள் அதன் சுவரில் அமைந்திருக்கும். வகைகளைப் பிரித்தறிய சூல்தண்டு உதவும். பர்மானியில் பிளவுபடாத 5 சூல்தண்டுகளும், இண்டிகாவில் அடிவரை இரண்டாகப் பிளந்த 3 சூல்தண்டுகளும் உள்ளன. கைலென்சு கொண்டு மாணவர் இதனைக் காணலாம். மகரந்தத் துகள்கள் நான்கு நான்காக ஒட்டியிருப்பதை நுண்ணோக்கியில் காட்டலாம்.

பூச்சிகள் பூவை நாடுவதுண்டு. எனினும் அவை வாராவிடினும் நம் நாட்டு ஓராண்டு வகைகள் விதை தருவதில் தவறுவதில்லை. மாலையில் அல்லிகள் குவியும்போது மகரந்தப் பைகள் சூல்முடியோடு நெருங்கிப் பொருந்துகின்றன. தன் மகரந்தச் சேர்க்கை நிகழ்ந்துவிடுகிறது. ஆகையால் வளர்ப்பவர் தூரிகையால் மகரந்தம் தடவ வேண்டிய தேவையில்லை. வலைக்குள் வளர்த்த செடியும் காய்க்கும்.

பூந்தண்டை நறுக்குவதா, விடுவதா?

பூந்தண்டு தோன்றியதும் அதனை நறுக்கிவிட வேண்டும் என்று செடி வளர்ப்போர் சிலர் கூறுவர். எல்லா வகைக்கும் பொருந்தும் விதியன்று இது. செடியின் வாழ்நாளை அறிந்தே முடிவு செய்தல் வேண்டும்.

பல்லாண்டு வாழும் வகைகளில், எடுத்துக்காட்டாக அழகுக்காக வளர்க்கப்பெறும் தென்னாப்பிரிக்க டுரோசெரா கேப்பென்சிசில், விதை தேவையில்லை எனில் தண்டு 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயர்ந்ததும் கத்தரித்துவிடலாம். விதைக்குச் செல்லும் சத்து இலைக்குத் திரும்பும். அவ்வகை தானே விதையுதிர்த்து அக்கம்பக்கத் தொட்டிகளிலெல்லாம் முளைக்கும் இயல்புடையது. அதனைத் தடுப்பதற்கும் இது வழியாகும்.

ஓராண்டு வகைகளான பர்மானியிலும் இண்டிகாவிலும் நிலைமை வேறு. செடி தன் சேமிப்பு முழுவதையும் விதைக்கே செலவிட்டு முடிகிறது. பூந்தண்டை வெட்டினால் சில வாரங்கள் கூடுதலாக வாழலாம். ஆனால் பல ஆண்டு வாழும் செடியாக அது மாறிவிடாது. எனவே பொதுவாகத் தண்டை விட்டுவிடுவதே முறை. செடி மிகச் சிறிதாக இருக்கும்போதே முதல் தண்டு தோன்றினால், அதனை மட்டும் கிள்ளி, இலை பெருகிய பின் வரும் தண்டுகளை விதைக்கு விடலாம். இதனையும் சில செடிகளில் மட்டுமே செய்து, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

லிங்கராஜபுரத்து மாடியில் வளர்த்தல்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனையும் கம்மனஹள்ளியையும் அடுத்து அமைந்தது லிங்கராஜபுரம். வீடுகளும் பள்ளிகளும் நெருங்கிய இப்பகுதியில் அழுகண்ணிக்கு இயற்கையிடம் இல்லை. ஆயினும் வெயில் படும் மொட்டைமாடி இருப்பின் போதும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரின் மழைக்கால வெப்பநிலை இச்செடிக்கு ஒத்ததே.

இங்கு முதலில் தீர்க்க வேண்டியது நீர். அழுகண்ணியின் வேர்கள் உப்பைத் தாங்கா. கரைந்த உப்பு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு உட்பட்ட நீரே ஏற்றது. ஆழ்துளைக் கிணற்று நீரில் இதைப் போல் பல மடங்கு உப்பு இருப்பது இயல்பு. அத்தகைய நீரை ஊற்றினால் செடி உடனே மடியாது. துளி வற்றி, இலை குறுகி, பூந்தண்டு எழாமலே சில வாரங்களில் அழியும். மழைநீரே இதற்கு மருந்து. பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 2009-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி குறித்த பரப்புக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை 100 லிட்டர் நீராகும். செடித் தட்டு ஒன்றுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் என வைத்துக்கொண்டால், மழையற்ற 120 நாட்களுக்கு 60 லிட்டர் போதும். ஆகவே 200 லிட்டர்ப் பீப்பாய் ஒன்று மூன்று தட்டுக்களைக் காக்கும். முதல் மழையின் நீர் கூரைத் தூசியைக் கொணரும். அதனை விடுத்துப் பின்வருவதைச் சேர்த்து, கொசு புகாதபடி மூடி வைத்தல் வேண்டும்.

மண்ணில் எருவோ உரமோ கலத்தல் ஆகாது. பீட் எனப்படும் மக்கிய பாசியும் நன்கு கழுவிய பருமணலும் சம அளவில் கலந்தது சிறந்தது. பீட் கிடைக்காத இடத்தில் தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் உப்பு இருப்பதால், மழைநீரில் பல முறை ஊறவைத்துப் பிழிந்த பின்பே கலக்க வேண்டும். தொட்டியை 1 அல்லது 2 சென்டிமீட்டர் நீர் நிற்கும் தட்டில் வைத்து, நீர் அடியிலிருந்து ஏறும்படி செய்க. மேலிருந்து ஊற்றினால் இலைத்துளி கழுவப்படும். சிறு நாற்றும் பெயர்ந்துவிடும். நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேர நேர்வெயில் தேவை. நிழலில் வளர்ந்த செடி பசுமையாகத் தோன்றினாலும் துளியும் பூவும் குன்றும்.

விதைத்தலும் விதை சேர்த்தலும்

விதைகள் தூள் போல நுண்ணியவை. முளைக்க ஒளி தேவையாதலால், ஈர மண்ணின் மேற்பரப்பில் தூவி, மண்ணால் மூடாமல் விடுக. பெங்களூரில் சூன் மாதத் தொடக்கம் ஏற்ற காலம். முளைக்கும் வரை தொட்டியைக் கண்ணாடியால் மூடி, நாற்றுக்கள் கண்ட பின் சிறிது சிறிதாகத் திறந்து வைக்க வேண்டும். பர்மானி எளிதில் முளைக்கும். இண்டிகாவின் விதை, வெப்பமான உலர்ந்த காலம் ஒன்றைக் கடந்த பின்னரே நன்கு முளைப்பதை வளர்ப்போர் கண்டுள்ளனர். அதன் வேர் இடமாற்றத்தைப் பொறுக்காதாகையால், வளர வேண்டிய தொட்டியிலேயே விதைத்துவிடுதல் நலம்.

ஒரே தண்டில் அடிக்காய் முதிர்ந்து வெடிக்கும்போது நுனியில் பூ மலர்ந்துகொண்டிருக்கும். தண்டு முழுவதும் காயட்டும் என்று காத்திருப்பவர் முதல் விதைகளை இழப்பர். பச்சையாக அறுப்பவர் கடைசி விதைகளை இழப்பர். காய் பழுப்பு நிறமடைந்து மேற்புறம் பிளக்கத் தொடங்கியதும், தண்டை வெள்ளைக் காகிதத்தின் மேல் மெல்லச் சாய்த்துத் தட்டுக. கருநிறத் தூள் உதிரும். வாரம் ஒரு முறை இவ்வாறு செய்து, தண்டு முழுதும் காய்ந்தபின் அறுத்துக் காகித உறையில் இடலாம். பிளாஸ்டிக்கு உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். உறையின்மேல் வகை, இடம், நாள் ஆகிய மூன்றையும் எழுதுக. இம்மூன்றும் இல்லாத விதை ஆய்வுக்கும் உதவாது, காப்புக்கும் உதவாது.

வகுப்புச் சோதனை

பிரான்சிஸ் டார்வினின் சோதனையைப் பள்ளி மாடியில் மீண்டும் செய்யலாம். ஒரே நாளில் விதைத்த பர்மானிச் செடிகள் பத்துப்பத்தாக இரு தட்டுக்களில் இருத்தல் வேண்டும். இரண்டையும் ஒரே வகை வலையால் மூடுக. நீரும் வெயிலும் ஒத்திருக்கட்டும். ஒரு தட்டின் செடிகளுக்கு வாரத்திற்கு ஒரு சிறு எறும்போ பழ ஈயோ இலையில் இடுக. பெரிய பூச்சியையோ இறைச்சியையோ இட்டால் செரிக்காமல் அழுகி, இலை கெடும். மற்றத் தட்டுக்கு ஒன்றும் இட வேண்டாம். பூந்தண்டு, பூ, காய் ஆகியவற்றின் எண்ணிக்கையை வாரந்தோறும் குறித்து வருக. விதையைப் பள்ளித் தராசில் நிறுக்க இயலாது. ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஐந்து காய்களை வெள்ளைக் காகிதத்தில் உதிர்த்து, கைலென்சால் எண்ணிச் சராசரி காண்க. முடிவு எதிர்பார்த்தபடி அமையாவிடினும் அவ்வாறே பதிவு செய்தல் வேண்டும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

அழுகண்ணி வாழும் நிலம் பார்வைக்குத் தரிசாகத் தோன்றும். அதனைப் பயனற்ற நிலம் எனக் கருதி மரக்கன்றுகளை நெருங்க நட்டால், நிழல் விழுந்து சில ஆண்டுகளில் அழுகண்ணி மறையும். உரம் கலந்த வயல்நீர் அங்கு பாய்ந்தால் உயர்ந்த புற்கள் செழித்து இதனை மூடும். பூச்சிகொல்லி தெளித்தால் உணவு குறையும். உணவு குறைந்தால் விதை குறையும் என்பதை மேலே கண்டோம். மழை ஓய்ந்த பின் விதை உதிர்வதற்கு முன் நிலத்தைக் கிளறுவது எல்லாவற்றிலும் கொடிது.

மாணவரைப் புல்வெளிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒரு செடியையும் பிடுங்க வேண்டியதில்லை. பார்த்தும் வரைந்தும் திரும்பலாம். வகையைத் தெளியப் படமும் குறிப்பும் போதும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலுள்ள ஜே.சி.பி. உலர்தாவரகம் போன்ற நிலையங்களின் பதிவுகளோடு ஒப்பிடலாம். வளர்ப்பதற்கு விதை வேண்டின், நிலத்திற்குப் பொறுப்பானவரிடம் அனுமதி பெற்று, பல செடிகளிலிருந்து ஒவ்வொரு காயாக எடுத்து, பெரும்பகுதியை அங்கேயே உதிர விட வேண்டும். மாடியில் விளைந்த விதையைப் புல்வெளியில் கொண்டுபோய்த் தூவுவது நற்பணி போலத் தோன்றும். அது எந்த இடத்து விதை என்று தெரியாதபோது, அங்குள்ள செடிகளின் இயல்பை அது கலைத்துவிடக்கூடும். அயல்நாட்டு வகையின் விதையை எந்நிலையிலும் வெளியில் விடலாகாது.

மாணவர்க்குரிய வினாக்கள்

1. டுரோசெரா பர்மானிக்கும் கிழங்குடைய மலைவகைக்கும் விதையின் தேவை எவ்வாறு வேறுபடுகிறது?

2. பிரான்சிஸ் டார்வின் உணவூட்டாத செடிகளையும் வலையால் மூடியது ஏன்?

3. உணவூட்டிய செடிகளில் விதைகளின் எண்ணிக்கை 241 ஆகவும் எடை 380 ஆகவும் இருப்பின், ஒரு விதையின் சராசரி எடையைப் பற்றி யாது அறிகிறோம்?

4. 60 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் நீர் கிடைக்கும்? நாளொன்றுக்கு அரை லிட்டர் செலவாகும் தட்டு ஒன்றுக்கு அது எத்தனை நாள் வரும்?

5. புல்வெளி ஒன்றில் இவ்வாண்டு பூத்த அழுகண்ணிகள் யாவும் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டும் அங்கு சில செடிகள் முளைத்தன. இதற்குக் காரணம் யாதாக இருக்கலாம்? ஆண்டுதோறும் இவ்வாறே பறித்துவந்தால் விளைவு யாது?